கடற் கல்விக்கு இரு வாயில்கள்

இலங்கையின் நிலப்பரப்பு 65,610 சதுர கிலோமீற்றர். 1976ஆம் ஆண்டில் நிறைவேறிய கடல் வலயச் சட்டத்தின் வழியாக இந்நாட்டுக்கு உரித்தான கடற்பரப்போ ஏறக்குறைய 517,000 சதுர கிலோமீற்றர். நாம் மிதித்து நடக்கும் நிலத்தைப்போல் ஏறத்தாழ எட்டு மடங்கு நீர்ப்பரப்பு நம்முடைய பொறுப்பிலே இருக்கின்றது. ஆயினும், பல்கலைக் கழகத்திலே விஞ்ஞானப் பட்டம் பெற்று வெளிவரும் இளைஞரை அணுகி, “இனி யாது கற்கக் கருதுகின்றீர்?” என்று வினவினால், “கடலைக் கற்கப் போகின்றேன்” என்று விடை கூறுபவர் மிகச் சிலரே. விருப்பமின்மை இதற்குக் காரணமன்று. கடலைக் கற்பதென்றால் எதனைக் கற்பது, எங்கே கற்பது, கற்றபின் யாது செய்வது என்பன தெளிவாக எடுத்துரைக்கப்படாமையே காரணம். அவற்றை இயன்றவரை விளக்குவதே இப்பேச்சின் நோக்கம்.

கடற் கல்விக்கு இரண்டு வாயில்கள் உள்ளன. ஒன்று கடல் விஞ்ஞானம். மற்றையது கரையோரச் சூழல் முகாமை. கடல் எவ்வாறு இயங்குகின்றது என்று கேட்பது முதலாவது. அக்கடலோடும் கரையோடும் மனிதர் எவ்வாறு ஒழுகவேண்டும் என்று கேட்பது இரண்டாவது. இவ்விரண்டும் ஒரே துறையென மயங்கி, ஒன்றை விரும்பி மற்றொன்றிலே சேர்ந்து, ஈராண்டு கழித்து வருந்துவோர் உண்டு. ஆதலால் இவற்றின் வேறுபாட்டை முதலிலே அறிந்துகொள்ளுதல் நன்று.

ஓர் உதாரணத்தால் இதனை விளக்கலாம். நமது தென்மேற்குக் கரையிலே பல தலைமுறைகளாக முருகைக் கல்லை அகழ்ந்து சூளையிலிட்டுச் சுண்ணாம்பு எரித்து வந்தனர். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை அக்கரையைத் தாக்கியபோது, முருகைக் கற்பாறைகள் பேணப்பட்டிருந்த ஹிக்கடுவையிலே நீர் சிறிது தூரமே உட்புகுந்தது. அங்கிருந்து சில கிலோமீற்றர் வடக்கேயுள்ள பெரேலியாவிலோ நீர் ஒரு கிலோமீற்றருக்கும் அப்பால் ஏறி, அங்கு நின்றிருந்த புகைவண்டியையே புரட்டிவிட்டது. அவ்விடத்திலே கல் அகழ்ந்தமையாற் கடலடித்தளத்தில் ஏற்பட்ட திறப்புகள் பேரலைக்கு வழிவிட்டன என்பது பின்னர் அங்கு சென்று அளந்தறிந்த ஆராய்ச்சியாளரின் முடிபு.

இந்நிகழ்ச்சியை நோக்கும் கடல் விஞ்ஞானி, அலையின் உயரம் எவ்வளவு, கற்பாறை அதன் வேகத்தை எவ்வளவு தணித்தது, அழிந்த பாறை மீண்டும் வளர எத்தனை ஆண்டுகள் செல்லும் என்று கேட்பார். கரையோர முகாமை கற்றவர் கேட்கும் கேள்விகள் வேறு. முருகைக்கல் அகழ்தலை 1988ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் தடுத்திருந்தும் அகழ்வு ஏன் நிற்கவில்லை? சூளையை நம்பி வாழ்ந்த குடும்பங்களுக்கு மாற்றுத் தொழில் யாது? கரையிலிருந்து எத்துணை தூரத்துக்கு அப்பால் வீடு கட்ட அனுமதிக்கலாம்? முன்னவரின் அளவை இல்லாவிடின் பின்னவர் இருளிலே விதி வகுப்பார். பின்னவரின் விதி இல்லாவிடின் முன்னவரின் அளவை ஏட்டிலே உறங்கும்.

ஏட்டிலே உறங்கிய அறிவுக்கு நம் நாட்டிலேயே ஒரு பழைய சான்று உண்டு. மன்னார்க் குடாவின் முத்துப் பார்களிலே சிப்பிகள் ஆண்டுக்கணக்காகத் தோன்றாது மறைந்தபோது, அக்கால அரசாங்கத்தார் கேட்டுக்கொண்டபடி இங்கிலாந்திலிருந்து பேராசிரியர் ஹேட்மன் 1902ஆம் ஆண்டில் இங்கு வந்தார். ஜேம்ஸ் ஹோர்ணல் என்பார் அவருக்கு உதவியாளராயிருந்து, அவர் திரும்பியபின்னும் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். காற்றாலும் நீரோட்டத்தாலும் பெயரும் மணல் சிப்பிகளை மூடிவிடுதல், மீன்கள் அவற்றைத் தின்றுவிடுதல், அளவுக்கு மிஞ்சிக் குளித்தெடுத்தல் ஆகியவற்றைக் காரணங்களாகக் காட்டி, இளஞ்சிப்பிகளை ஏற்ற இடங்களுக்குப் பெயர்த்து வளர்க்கும் முறையையும் அவர் கூறினார். அவ்வாராய்ச்சி 1903 முதல் 1906 வரையில் ஐந்து பெருந் தொகுதிகளாக வெளிவந்தது. அந்த 1906ஆம் ஆண்டிலேயே முத்துப் பார்கள் 20 ஆண்டுக் குத்தகைக்கு ஒரு கம்பெனியாரிடம் விடப்பட்டன. 1907ஆம் ஆண்டுக்குப்பின் அவர்களுக்குப் பெருஞ் சலாபம் கிட்டவில்லை. சில ஆண்டுகளிற் கம்பெனியும் கலைந்தது. சிறந்த விஞ்ஞானம் கையிலிருந்தது. ஆனால் அதனைப் பொறுமையோடு நடைமுறைப்படுத்தும் ஏற்பாடு இருக்கவில்லை. அவ்வாராய்ச்சியைத் தொடர்வதற்கு இந்நாட்டவருக்கான கடற் கல்விக்கூடமும் அன்று எழவில்லை.

இனி முதல் வாயிலினுள்ளே செல்வோம். கடல் விஞ்ஞானம் நான்கு கிளைகளை உடையது. பௌதிகக் கடலியல் அலை, நீரோட்டம், வற்றுப்பெருக்கு, வெப்பம் ஆகியவற்றை ஆராய்வது. நமது தீவின் தெற்கே தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்திற் கிழக்கு நோக்கி ஓடும் நீர், வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் மேற்கு நோக்கித் திரும்புகின்றது. ஆண்டிலே இருமுறை திசைமாறும் இத்தகைய ஓட்டம் உலகில் மிகச் சில கடல்களுக்கே உரியது. இதனைக் கற்க விரும்புவோருக்குக் கணிதமும் பௌதிகமும் அடிப்படையாகும்.

இரண்டாவது இரசாயனக் கடலியல். கங்கை, பிரமபுத்திரா, ஐராவதி முதலிய பேராறுகளின் நீரைப் பெறும் வங்காள விரிகுடா உப்புக் குறைந்தது; ஆவியாதல் மிகுந்த அராபிக் கடல் உப்புக் கூடியது. இவ்விரண்டு நீரும் கலக்கும் இடத்திலேயே நமது தீவு கிடக்கின்றது. இரசாயனப் பட்டதாரிக்கு இதனினும் நல்லதோர் ஆய்வுகூடம் வேண்டுவதில்லை.

மூன்றாவது கடற் புவிச்சரிதவியல். திருகோணமலைத் துறைமுகத்தின் வாயிலருகேயே கடலடியில் ஓர் ஆழ்ந்த பள்ளத்தாக்குத் தொடங்குகின்றது. வடக்கே பாக்கு நீரிணையோ மிகவும் ஆழங் குறைந்தது. 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் இலங்கை தனது கண்ட மேடையின் எல்லையை விரிவாக்கக் கோரி ஐக்கிய நாடுகள் அமைப்பின் ஆணைக்குழுவுக்கு விண்ணப்பஞ் செய்தபோது, கடலடி வண்டலின் தடிப்பு அளவுகளே அதற்கு ஆதாரமாயின. ஒரு நாட்டின் எல்லையை இவ்விஞ்ஞானமே நிலைநாட்டுதல் கூடும் என்பதை அது காட்டுகின்றது.

நான்காவதும் பெரும்பாலார் விரும்புவதும் கடல் உயிரியல். மீன், சிப்பி, கடலட்டை, மிதவையுயிர், முருகைப் பூச்சி, கடற்புல், அதனை மேய்ந்து வாழும் ஆவுளியா ஆகிய யாவும் இதனுள் அடங்கும். 1998ஆம் ஆண்டிலும் 2016ஆம் ஆண்டிலும் கடல் நீர் வழமைக்கு மேலாகச் சூடேறியபோது நமது முருகைக் கற்பாறைகள் வெளிறி மடிந்தன. அவற்றுள் எவை மீண்டன, எவை மீளவில்லை, ஏன் என்ற வினாக்களுக்கு விடை காண்போர் நமக்கு இன்னும் வேண்டும்.

இரண்டாவது வாயிலாகிய கரையோர முகாமைக்கு விஞ்ஞானப் பட்டதாரிகளே வரவேண்டுமென்பதில்லை. புவியியல், பொருளியல், சட்டம், சமூகவியல் ஆகியவற்றைக் கற்றோரும் இதிலே சேரலாம். சூழலியல், கடற் சட்டம், நிலப் பயன்பாடு, பொருளியல், செய்மதிப் படங்களைக் கொண்டு வரைபடம் அமைத்தல், மக்களோடு கலந்து முடிவெடுக்கும் முறை என்பன இதன் பாடங்கள். இத்துறையிலே நம் நாடு பிற நாடுகளுக்குப் பின்தங்கியதன்று. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணற் சட்டம், உயர்நீர்க் கோட்டிலிருந்து நிலப்பக்கமாக 300 மீற்றரும், தாழ்நீர்க் கோட்டிலிருந்து கடற்பக்கமாக 2 கிலோமீற்றரும் கொண்ட நிலப்பகுதியையும் நீர்ப்பகுதியையும் கரையோர வலயமென வகுத்தது. அதன்கீழ் முதலாவது முகாமைத் திட்டம் 1990ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது.

சட்டம் கோடு கிழித்தாலும் மணல் அக்கோட்டை அறியாது. மேற்குக் கரையிலே தென்மேற்குக் காற்றின் அலைகள் மணலை வடக்கு நோக்கி நகர்த்துகின்றன. அம்மணலை ஊட்டுவன களனி, மகாஓயா போன்ற ஆறுகள். ஆற்றிலே மணல் அள்ளினால் அதன் விளைவைப் பல கிலோமீற்றருக்கு அப்பால் வேறொரு கிராமத்தின் தென்னந்தோட்டம் அனுபவிக்கும். ஓரிடத்தில் அலைதடுப்பணை கட்டினால் அதன் ஒரு பக்கம் மணல் சேர, மறுபக்கம் கரை தேயும். அள்ளுபவர் வேறு, இழப்பவர் வேறு. இருவரையும் ஒரே மேசையில் இருத்தி ஒரு முடிபுக்குக் கொண்டுவருதலே கரையோர முகாமை கற்றவரின் தொழில்.

இத்தகையோர் வேண்டப்படும் பொழுது முன்னறிவித்து வருவதில்லை. 2021ஆம் ஆண்டு மே மாதத்திற் கொழும்புக்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ள் என்னும் கப்பல் தீப்பற்றி, ஜூன் மாதத்தில் அமிழ்ந்தது. அதிலிருந்த பிளாஸ்டிக் மணிகள் மூட்டை மூட்டையாகக் கரையொதுங்கின. அவை எத்திசையிற் செல்லும் என்று கணிக்க நீரோட்டம் அறிந்தவர் தேவைப்பட்டார். நீரிலே எரிந்து கலந்தவை எவையென அறிய இரசாயனர் தேவைப்பட்டார். இறந்து ஒதுங்கிய ஆமைகளை ஆராய உயிரியலார் தேவைப்பட்டார். மீனவரின் இழப்பை மதிப்பிடப் பொருளியலாரும், அதனை வழக்காக்கச் சட்டத்தாரும் தேவைப்பட்டனர். 2025ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் உச்ச நீதிமன்றம் 100 கோடி அமெரிக்க டொலர் நட்டஈடு செலுத்துமாறு தீர்ப்பளித்தது. விபத்துக்கு முன் அக்கடல் எவ்வாறிருந்தது என்று அளந்து வைத்தவர் இல்லையேல், விபத்தினால் இழந்தது எவ்வளவென்று எவரும் அறுதியிட்டுக் கூறவியலாது.

இனிப் பட்டங்களின் தராதரத்தை நோக்குவோம். இலங்கைத் தகைமைச் சட்டகத்திலே பட்டப்பின் டிப்ளோமா 8ஆம் படியிலும், பாடங்களை மட்டும் கொண்ட முதுமாணிப் பட்டம் 9ஆம் படியிலும், பாடமும் ஆராய்ச்சியும் சேர்ந்த முதுமாணிப் பட்டம் 10ஆம் படியிலும், முதுதத்துவமாணி 11ஆம் படியிலும், கலாநிதிப் பட்டம் 12ஆம் படியிலும் வைக்கப்பட்டுள்ளன. உத்தியோகத்தில் இருந்துகொண்டே அறிவை விரிவாக்க விரும்பும் திணைக்கள அலுவலருக்கும் ஆசிரியருக்கும் முதல் இரண்டும் பொருந்தும். ஆராய்ச்சியைத் தம் வாழ்வாக்க எண்ணுவோர் 10ஆம் படியிலிருந்தோ 11ஆம் படியிலிருந்தோ தொடங்குதல் முறை. கரையோர முகாமையிலே தொழில் புரிய விரும்புவோருக்கு நல்லதொரு முதுமாணிப் பட்டமே பெரும்பாலும் போதுமானது. கடல் விஞ்ஞானத்திலே சுதந்திரமாக ஆராய்ச்சி நடத்த விரும்புவோருக்கோ கலாநிதிப் பட்டம் இன்றியமையாதது. சேருமுன் இவ்வேறுபாட்டை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

எங்கே கற்பது? உள்நாட்டிலே மாத்தறையிலுள்ள றுகுணுப் பல்கலைக் கழகம் மீன்பிடி, கடல் விஞ்ஞானம் ஆகியவற்றுக்கெனத் தனிப் பீடமொன்றை உடையது. களனிப் பல்கலைக் கழகத்தின் விலங்கியல், சூழல் முகாமைத் துறை நீர்வள ஆராய்ச்சியிலே நெடுங்காலப் பயிற்சி பெற்றது. பேராதனையிலே விஞ்ஞானப் பட்டப்பின் கல்வி நிறுவகம் உண்டு. 2014ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தினால் எழுந்த சமுத்திரப் பல்கலைக் கழகம் மட்டக்குளியிலே இயங்குகின்றது. யாழ்ப்பாணப் பல்கலைக் கழகமும் கடலும் கடல்நீரேரியும் சூழ்ந்த இடத்திலே மீன்பிடி விஞ்ஞானத்தைக் கற்பிக்கின்றது. 1981ஆம் ஆண்டின் சட்டத்தால் நிறுவப்பெற்ற தேசிய நீரியல் வள ஆராய்ச்சி நிறுவனத்திலுள்ள விஞ்ஞானிகளோடு சேர்ந்து ஆராய்ச்சி செய்யும் வாய்ப்பையும் மாணவர் நாடலாம்.

அண்மையிலே தமிழ்நாட்டிற் பரங்கிப்பேட்டை என்னும் சிற்றூரில், வெள்ளாறு கடலொடு கலக்கும் முகத்துவாரத்தில், அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தின் கடல்வாழ் உயிரியல் உயராய்வு மையம் அமைந்துள்ளது. கண்டற் காடும் கழிமுகமும் மாணவரின் கண்முன்னே கிடக்கின்றன. நம் கடலுக்கு எதிர்க்கரையே அதுவாகலின், அங்கு கற்பது பெரும்பாலும் இங்கும் பயன்படும். 1947ஆம் ஆண்டிலே தோன்றிய இந்திய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்டது. பாக்கு நீரிணைக்கருகே மண்டபத்திலும் அதன் கிளையுண்டு.

சேய்மை நாடுகளிலே, அமெரிக்காவின் கலிபோர்ணியாவிலுள்ள ஸ்கிரிப்ஸ் நிலையம் 1903ஆம் ஆண்டிலும், கீழ்க்கரையிலுள்ள வூட்ஸ் ஹோல் நிலையம் 1930ஆம் ஆண்டிலும் தோன்றியவை. இவை ஆழ்கடல் விஞ்ஞானத்துக்குப் பேர்போனவை. கரையோர முகாமையை நாடுவோர் வட கரோலைனாவில் போஃபோட் என்னும் இடத்திற் கடலாய்வு நிலையம் வைத்திருக்கும் டியூக் பல்கலைக் கழகத்தையும், கடல் விவகாரங்களுக்கெனத் துறை அமைத்துள்ள றோட் ஐலன்ட் பல்கலைக் கழகத்தையும் கருதலாம். முருகைக் கற்பாறைகளை ஆராய விரும்புவோருக்கு அவுஸ்திரேலியாவிலே தவுன்ஸ்வில் நகரின் ஜேம்ஸ் குக் பல்கலைக் கழகம் பொருத்தமானது. சுவீடனில் மால்மோ நகரிலுள்ள உலகக் கடல்சார் பல்கலைக் கழகம் கப்பற் போக்குவரத்தையும் கடலாட்சியையும் சேர்த்துக் கற்பிக்கின்றது.

செலவைப் பற்றியும் ஒரு சொல். அமெரிக்காவிலே கலாநிதிப் பட்ட மாணவருக்கு ஆராய்ச்சி உதவியாளர் என்ற முறையிலே சம்பளமும் கட்டண விலக்கும் பெரும்பாலும் கிடைக்கும். முதுமாணி மாணவர் பலர் தம் செலவைத் தாமே பார்க்கவேண்டும். முன்பு கட்டணமின்றிக் கற்பித்த நோர்வே நாடும் 2023ஆம் ஆண்டு முதல் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வரும் மாணவரிடம் கட்டணம் பெறுகின்றது. ஆதலால் பொதுநலவாயப் புலமைப் பரிசில், புல்பிறைற் பரிசில், ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டுஸ் பரிசில் என்பவற்றுக்கு ஓராண்டு முன்னதாகவே ஆயத்தஞ் செய்தல் வேண்டும்.

இவற்றுள் எதனைத் தெரிவது என்று திகைப்போருக்கு ஒரு முறை கூறலாம். பல்கலைக் கழகத்தின் பெயரை முதலிலே தெரியாதீர்கள். உங்களை உறங்கவிடாத வினாவைத் தெரியுங்கள். நம்முடைய ஊர்க் கரை ஏன் தேய்கின்றது? இக்கடல்நீரேரியில் இறால் ஏன் குறைந்தது? கடலட்டைப் பண்ணைகளுக்கு ஆழங் குறைந்த கடலை அடைத்துக் கொடுத்தால் கடற்புல்லுக்கும், அங்கே வலைவீசி வந்தவருக்கும் என்ன நேரும்? வினா தெளிவானால், அவ்வினாவிலே ஈடுபட்டிருக்கும் பேராசிரியர் யாரெனத் தேடலாம்; அவருக்கு எழுதலாம்; அவரிடம் படகும் கருவியும் நிதியும் உண்டா என விசாரிக்கலாம். கடலைக் காணாமலே கடலியலிற் பட்டம் தரும் இடத்தினும், மாணவனை நனையச் செய்யும் சிறு நிலையம் மேலானது.

இவ்வினாக்கள் வடக்கும் கிழக்குமாகிய கரைகளில் இன்னும் அவசரமானவை. நோர்வே நாட்டின் பிரிட்ஜொவ் நான்சன் என்னும் ஆராய்ச்சிக் கப்பல் 1978 முதல் 1980 வரையில் நமது தீவைச் சுற்றி மீன்வளத்தை அளந்தது. அப்பெயர் கொண்ட கப்பல் மீண்டும் இங்கு வந்து அளந்தது 2018ஆம் ஆண்டிலேயாகும். இடையிலே ஏறக்குறைய 40 ஆண்டுகள் கழிந்தன. அவற்றுட் பெரும்பகுதி போர்க்காலம். வடகரையிலும் கீழ்க்கரையிலும் மீனவரே கடலுக்குச் செல்லத் தடைப்பட்டிருந்தபோது விஞ்ஞானி எவ்வாறு செல்வார்? போர் முடிந்த பின்னர் அக்கடலைப் பற்றிய முடிவுகள் விரைந்து எடுக்கப்படுகின்றன. இழுவை மடியால் கடலடித்தளத்தை வாரும் மீன்பிடி 2017ஆம் ஆண்டிற் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. ஆனால் வாரப்பட்ட தளம் எத்தனை ஆண்டுகளில் மீளும் என்று சொல்வதற்கு, முன்பு அத்தளம் எவ்வாறிருந்தது என்ற நீண்டகால அளவு நமக்கு வேண்டும். அதனை இன்றைக்கே தொடங்கினாற்றான் நாளைக்கு உதவும்.

அவ்வேலைக்குப் புறப்படுவோர் கணிதமும் புள்ளிவிபரமும் கற்கட்டும்; ஆங்கிலத்தில் ஆய்வுரை எழுதப் பழகட்டும்; நீந்தவும் சுழியோடவும் பயிலட்டும். அதனோடு, கரைவலை இழுக்கும் சம்மாட்டியாரிடமும் அவருடைய ஆட்களிடமும் அமர்ந்து கேட்கும் பொறுமையையும் கைக்கொள்ளட்டும். சோளகம் எப்போது எழும், கொண்டல் எப்போது மாறும், வாடை வீசுங்கால் எந்த மீன் எந்தப் பக்கம் ஒதுங்கும் என்பவற்றை அவர்கள் தம் தந்தையரிடமிருந்து கற்றவர்கள். அவ்வறிவை விஞ்ஞான அளவையோடு ஒப்புநோக்கக்கூடியவர், அவர்களது மொழியைத் தம் மொழியாகக் கொண்டவரே.

வெளிநாடு சென்று கற்போர் அங்கேயே தங்கிவிடுதலும் உண்டு. அவரவர் வாழ்க்கை அவரவர்க்குரியது. ஆயினும் ஆய்வுப் பொருளைத் தெரியும்போதே நமது கடலின் ஒரு பகுதியை அதிலே சேர்த்துக்கொள்பவர், எங்கிருந்தாலும் இந்நாட்டுக்குப் பயன்படுவார். இவ்வாண்டு பட்டம் பெற்று, அடுத்தது யாதென எண்ணிக்கொண்டிருக்கும் ஒருவரேனும் இதனைக் கேட்டபின் தம் ஊர்க் கரையை ஒருமுறை நடந்து பார்த்து, அங்கே தமக்குத் தோன்றும் முதல் வினாவை எழுதி வைப்பாராயின், விண்ணப்பத்தின் முதற் பந்தி ஆயத்தமாகிவிட்டதென்றே கொள்ளலாம்.